வழக்கம் எதன் மேல் நிற்கிறது?

1929இல் பெய்ஜிங்குக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திங்சியன் என்ற கிராமப்புற வட்டாரத்தில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. நடத்தியவர் சிட்னி கேம்பிள் என்ற அமெரிக்கச் சமூக ஆய்வாளர். ஐந்நூற்றுச் சொச்சம் குடும்பங்களில் எந்தெந்தப் பெண்களுக்குப் பாதம் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் அவர் குழு கேட்டுக் குறித்துக்கொண்டது. 1890க்கு முன் பிறந்த பெண்களில் 99 விழுக்காட்டினருக்குக் கட்டப்பட்டிருந்தது. 1919க்குப் பின் பிறந்தவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை.

பாதம் கட்டுவது என்றால் ஏதோ அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. ஐந்து, ஆறு வயதுச் சிறுமியின் நான்கு கால்விரல்களை உள்ளங்காலுக்கு அடியில் மடக்கி, நீளத் துணியால் இறுக்கிச் சுற்றி, நாளுக்கு நாள் இறுக்கத்தைக் கூட்டுவார்கள். எலும்பு ஒடியும், சதை அழுகும். மூன்று அங்குலப் பாதமே இலட்சியம். இதைச் செய்தவர்கள் பகைவர்கள் அல்லர், பெற்ற தாய்மார். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரண்மனை வட்டாரத்தில் தொடங்கிய வழக்கம் மெல்ல மெல்லக் குடியானவர் வீடுவரை இறங்கியது. 17ஆம் நூற்றாண்டில் சீனாவைப் பிடித்த மஞ்சு அரசர்களுக்கு இந்த வழக்கம் பிடிக்கவில்லை. அவர்கள் பெண்கள் பாதம் கட்டுவதில்லை. காங்ஷி பேரரசர் காலத்தில் தடை போட்டுப் பார்த்தார்கள், சில ஆண்டுகளிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். உலகின் மிக வலிமையான அரசுகளில் ஒன்று ஒரு கட்டுத்துணியிடம் தோற்றது.

அப்படிப்பட்ட வழக்கம் திங்சியனில் முப்பது ஆண்டுகளுக்குள் இல்லாமல் போனது எப்படி? இத்தனை சீக்கிரம் போகக்கூடியதுதான் என்றால் அத்தனை நூற்றாண்டு நின்றது எப்படி?

சமூகவியலாளர்கள் சமூக நிறுவனம் என்று சொல்வது ஆட்கள் மாறினாலும் தொடர்ந்து நடக்கும் விதிகளைத்தான். அவற்றில் சில சட்டப் புத்தகத்தில் இருக்கும், சில எங்குமே எழுதப்பட்டிருக்காது. திருமண முறை, தேர்தல், பரம்பரைச் சொத்துரிமை, பரீட்சை, தொழில் பழகும் முறை எல்லாம் இதில் அடங்கும். அவை எப்படி மாறுகின்றன என்பதற்கு ஒன்றோடொன்று சண்டையிடும் பல கோட்பாடுகள் உண்டு. ஒரு கோட்பாடு பழக்கத்தை முன்வைக்கும், ஒன்று இலாபத்தை, ஒன்று அதிகாரத்தை, இன்னொன்று பார்த்துச் செய்வதை. இந்தச் சண்டையில் பாதி தேவையற்றது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். எல்லா நிறுவனமும் ஒரே தூணின் மேல் நிற்பதில்லை. எது எதன் மேல் நிற்கிறதோ, அதைப் பொறுத்தே அது விழும் விதமும் அமையும்.

தனியாக விலக முடியாதவர்கள்

முதல் தூண், பிறர் என்ன செய்வார்கள் என்ற எதிர்பார்ப்பு.

திருவிழாத் திடலில் நாடகம் நடக்கிறது. முன்வரிசையில் நாலு பேர் எழுந்து நிற்கிறார்கள், பின்னாலிருப்பவர்களும் எழ வேண்டியதாகிறது. கொஞ்ச நேரத்தில் திடலே நிற்கிறது. எல்லாருக்கும் கால் வலிக்கிறது, உட்கார்ந்தால் தேவலை என்று எல்லாருமே நினைக்கிறார்கள். ஆனால் தனியாக உட்காருபவருக்கு நாடகம் தெரியாது. பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் ஆராய்ந்தது இப்படிப்பட்ட நிலைமைகளைத்தான். அவர் சிந்தனையைக் கையில் எடுத்துக்கொண்டு அரசியல் அறிஞர் ஜெரி மேக்கி 1996இல் எழுதிய கட்டுரை, பாதம் கட்டும் வழக்கத்துக்கு ஒரு விளக்கம் தந்தது.

மேக்கி சொன்னது இது. பாதம் கட்டுவது கல்யாணச் சந்தையின் நுழைவுச்சீட்டு. கட்டிய பாதம் அடக்கத்துக்கும் கற்புக்கும் சான்று என்று மாப்பிள்ளை வீட்டார் எண்ணும்வரை, மகள் துடிப்பதைப் பார்க்கச் சகிக்காத தாயும் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டாவிட்டால் மகளுக்கு வரன் அமையாது. இதில் தாயின் அறியாமை எதுவும் இல்லை, அவள் கணக்குச் சரிதான். ஊரில் எல்லாரும் மனத்துக்குள் வெறுத்தாலும், ஒரு குடும்பம் தனியாக விலகினால் நட்டம் அந்தக் குடும்பத்துக்கு மட்டுமே. அறிவுரை சொன்னால் பயனில்லை. தடை விதித்தாலும் தடையை மீறாதவளின் மகள்தான் கன்னியாக நிற்பாள்.

அப்படியானால் வழி? கணிசமான குடும்பங்கள் ஒரே நேரத்தில், எல்லாரும் பார்க்க, சேர்ந்து விலக வேண்டும். நடந்தது அதுவே. 1870களில் ஷியாமென் துறைமுக நகரில் கிறித்தவச் சபையைச் சேர்ந்த பெண்களின் சங்கம் ஒன்று தொடங்கியது. பின்னர் காங் யூவெய் போன்ற சீனச் சீர்திருத்தவாதிகள் தெற்கே சங்கங்கள் அமைத்தார்கள். 1895இல் ஷாங்காயில் இயற்கைப் பாதச் சங்கம் தோன்றியது. சங்கங்களின் உறுதிமொழியில் இரண்டு பகுதி இருந்தது: என் மகளுக்குப் பாதம் கட்ட மாட்டேன், பாதம் கட்டிய பெண்ணை என் மகனுக்கு எடுக்க மாட்டேன். இரண்டாவது பகுதியில்தான் சூட்சுமம். அது மகளைப் பெற்றவர்களின் பயத்துக்கு மகனைப் பெற்றவர்களின் கையெழுத்தை ஈடாக வைத்தது. சங்கத்துக்குள்ளேயே ஒரு புதிய கல்யாணச் சந்தை உருவானது. அது ஓரளவு பெரிதானதும் பழைய சந்தை காலியாகத் தொடங்கியது.

ஒரு கோட்பாட்டுக்கு உண்மையான சோதனை, அது எழுதப்பட்டபோது இல்லாத இடத்தில் பலிக்கிறதா என்பது. மேக்கியின் கட்டுரை, ஆப்பிரிக்காவில் பெண்களின் பிறப்புறுப்பைச் சிதைக்கும் வழக்கமும் இதே அமைப்பு உடையது, அதற்கும் கூட்டு உறுதிமொழியே வழி என்று வாதிட்டிருந்தது. அந்தக் கட்டுரைக்குச் சம்பந்தமே இல்லாமல், 1997 ஜூலையில் செனகல் நாட்டின் மாலிகுண்டா பம்பாரா என்ற ஊர்ப் பெண்கள், டோஸ்தான் என்ற தொண்டு அமைப்பின் வகுப்புகளுக்குப் பிறகு, இனி எங்கள் ஊரில் இது கிடையாது என்று அறிவித்தார்கள். சுற்று வட்டாரத்தில் எதிர்ப்பு கிளம்பியது. அப்போது பக்கத்து ஊர்ப் பெரியவர் தெம்பா ஜவாரா ஓர் உண்மையைச் சொன்னார்: நம் பிள்ளைகள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நம் ஊருக்குள் மட்டும் இல்லையே, சம்பந்தி ஊர்களைக் கேட்காமல் எப்படி விடுவது? அவர் ஊர் ஊராக நடந்து உறவினர்களிடம் பேசினார். 1998 பிப்ரவரியில் ஜபூகு என்ற இடத்தில் 13 ஊர்கள் கூடி ஒன்றாக அறிவித்தன. ஷெல்லிங்கைப் படிக்காத ஒரு கிராமத்துப் பெரியவர் அதே விடைக்கு வந்திருந்தார். அறிவித்த எல்லா ஊரிலும் வழக்கம் முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் தனித்தனிக் குடும்பங்களை மாற்ற முயல்வதைவிட, கொள்வினை கொடுப்பினை வலையை மொத்தமாக அசைப்பது பலன் தரும் என்பது தெளிவானது.

எதிர்பார்ப்பு மட்டுமே தூணாக இருக்கும் இடங்களில் சட்டமே போதும். 1967 செப்டம்பர் 3, ஞாயிறு அதிகாலை 5 மணிக்கு ஸ்வீடன் நாட்டின் அத்தனை வாகனங்களும் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின. 1955இல் நடந்த கருத்து வாக்கெடுப்பில் மக்கள் பெருவாரியாக எதிர்த்த மாற்றம் அது. ஆனாலும் ஒரே நாளில் நிலைத்துவிட்டது. எந்தப் பக்கம் என்பதில் யாருக்கும் மானப் பிரச்சினை இல்லை, எதிரே வருபவர் எந்தப் பக்கம் வருவார் என்பதே கேள்வி. அரசாணை அந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் ஒரே விடையைத் தந்தது. பாதத்தில் மானமும் சாதிப்பெருமைக்கு நிகரான அந்தஸ்தும் கலந்திருந்ததால் ஆணை எடுபடவில்லை.

இங்கே மேக்கிக்கு ஒரு மறுப்பையும் சொல்ல வேண்டும். மானிடவியலாளர்கள் லாரல் பாஸனும் ஹில் கேட்ஸும் சீனக் கிராமங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூதாட்டிகளைக் கண்டு பேசி, 2017இல் நூலாக எழுதினார்கள். கட்டுண்ட பாதத்தோடு உட்கார்ந்திருந்த சிறுமிகளின் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று அவர்கள் கேட்டார்கள். நூல் நூற்றன, நெய்தன, முடைந்தன. ஓடியாடித் திரியும் வயதுப் பிள்ளையை இராட்டையின் முன் உட்கார வைக்கப் பாதக்கட்டு உதவியது. ஆலை நூலும் ஆலைத் துணியும் மலிவாகக் கிராமத்துக்கு வந்து கைநூலின் விலையைக் கொன்றதும், அந்தச் சிறுமியை உட்கார வைப்பதில் இலாபம் இல்லாமல் போனது. வழக்கம் விழுந்த காலமும் இடமும் ஆலைத் துணி வந்த காலத்தோடும் இடத்தோடும் பொருந்துகின்றன என்பது அவர்கள் வாதம்.

இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம். வரன் கிடைக்காது என்ற பயம் ஒரு தூண், நூற்கும் கையின் வருமானம் இன்னொரு தூண். கீழே ஆலைகள் ஒன்றை அரித்துக்கொண்டிருந்தபோது மேலே சங்கங்கள் மற்றதைத் தட்டின. திடீர் வீழ்ச்சி என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட நெடுங்கால அரிப்பின் கடைசி நாள்.

முதலீடு போட்டாயிற்று

இரண்டாவது தூண், ஏற்கெனவே செய்த செலவு. இதற்குச் சீனா போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு தாலுகா தலைநகரில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் மாடியேறினால் போதும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் பலகை தொங்கும். அலுவலகங்கள் கணினிக்கு மாறி எத்தனையோ காலமாகிவிட்டது. இந்தியாவில் தட்டச்சுப் பொறி செய்த பெரிய நிறுவனங்களில் ஒன்றான கோத்ரெஜ் உற்பத்தியை நிறுத்திப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. அதன் பிறகும் இங்கே பொறிகள் தடதடத்தன, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் லோயர், ஹையர் தேர்வு எழுதினார்கள்.

காரணம், தட்டச்சர் பணிக்கான விதி அந்தச் சான்றிதழைக் கேட்டது. சான்றிதழ் இருந்ததால் மாணவர்கள் வந்தார்கள், மாணவர்கள் வந்ததால் இன்ஸ்டிடியூட்கள் இருந்தன, இன்ஸ்டிடியூட்கள் இருந்ததால் தேர்வு நடத்துவது எளிதாக இருந்தது, தேர்வு நடந்ததால் விதியை மாற்ற அவசரம் இல்லை. இந்தச் சங்கிலியில் யாரும் முட்டாள் இல்லை. ஒவ்வொருவரும் அடுத்த கண்ணியைப் பார்த்து நடந்துகொள்கிறார்கள், அவ்வளவே.

பொருளியல் வரலாற்றாளர் டக்ளஸ் நார்த் 1990இல் எழுதிய நூலில் இந்தப் பிடிப்பை விரிவாக விளக்கினார். 1993இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய கேள்வி: திறமையற்ற விதிகள் போட்டியில் அழிந்துபோக வேண்டாமா, ஏன் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கின்றன? ஒரு விதி வந்ததும் அதைச் சுற்றிப் பிழைப்பவர்கள் தோன்றுகிறார்கள். அவர்கள் திறமையும் பணமும் அந்த விதியில் முடங்குகிறது. அதன் பிறகு விதியைக் காப்பது அவர்கள் தொழிலாகிவிடுகிறது. முதல் அடியை எந்தப் பக்கம் எடுத்துவைத்தோம் என்பது தற்செயலாக இருக்கலாம். நூறு அடி நடந்த பிறகு திரும்பி வரும் செலவு தற்செயல் அல்ல. இதையே பாதைச் சார்பு என்கிறார்கள்.

இந்தத் தூணில் நிற்பதை வாதத்தால் வீழ்த்த முடியாது. வெளியிலிருந்து வரும் அடி ஒன்று வேண்டும், அல்லது மாறுகிறவர்களின் செலவை யாராவது ஏற்க வேண்டும். அதனால்தான் பாதைச் சார்பு பேசும் அறிஞர்கள் போர், புரட்சி, பொருளாதாரச் சரிவு போன்ற திருப்புமுனைகளையே தேடிப் போகிறார்கள். நெடுங்காலம் அசையாமை, திடீரென ஓர் உடைப்பு, மறுபடி அசையாமை: அவர்கள் வரையும் வரலாற்றுப் படம் இது.

ஊரோடு ஒத்து

மூன்றாவது தூண், மதிப்பு. மற்றவர்கள் கண்ணில் ஒழுங்கான அமைப்பாகத் தெரிய வேண்டும் என்ற தேவை.

அமெரிக்க நகராட்சிகள் 1880க்கும் 1935க்கும் இடையில் ஒவ்வொன்றாகத் தேர்வு மூலம் ஊழியரை நியமிக்கும் முறைக்கு மாறின. அதற்கு முன், ஜெயித்த கட்சிக்காரர்களுக்கு வேலை. சமூகவியலாளர்கள் பமீலா டால்பர்ட்டும் லின் சக்கரும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், எந்த நகரம் எப்போது மாறியது என்பதை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். முதலில் மாறிய நகரங்களை அவற்றின் உள்ளூர்ப் பிரச்சினைகளைக் கொண்டு அடையாளம் காண முடிந்தது. நாள் போகப் போக அந்தத் தொடர்பு தேய்ந்துவிட்டது. பிந்தி மாறிய நகரங்கள், நவீன நகராட்சி என்றால் இப்படித்தான் இருக்கும் என்பதற்காகவே மாறின.

அதே ஆண்டு பால் டிமாஜியோவும் வால்டர் பவலும் இதைப் பொதுக் கோட்பாடாக்கினார்கள். ஒரே துறையில் இருக்கும் அமைப்புகள் மூன்று வழிகளில் ஒன்றைப்போல் ஒன்று ஆகின்றன. அரசோ பணம் தருபவரோ கட்டாயப்படுத்துவது ஒரு வழி. என்ன செய்வதென்று தெரியாதபோது வெற்றி பெற்றவரைப் பார்த்துச் செய்வது இன்னொரு வழி. ஒரே கல்லூரிகளில் ஒரே பாடம் படித்தவர்கள் எங்கும் மேலாளர்களாக அமர்வது மூன்றாவது வழி. நாடுகளும் இப்படித்தான் என்று காட்டியது பெண்கள் வாக்குரிமையின் வரலாறு. 1893இல் நியூசிலாந்தில் பெண்கள் அதைப் போராடிப் பெற்றார்கள். பிரிட்டனில் சிறை சென்றும் 1918இல் 30 வயதைக் கடந்தவர்களுக்கே கிடைத்தது, ஆணுக்குச் சமமாக 1928இல்தான். நடுவில், 1921இல் சென்னை மாகாணச் சட்டசபை, சொத்துத் தகுதிக்கு உட்பட்டு, பெண்களுக்கும் வாக்கு என்று தீர்மானித்தது. இலங்கையில் 1931இலேயே ஆண், பெண் அனைவருக்கும் வாக்கு வந்துவிட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் விடுதலை பெற்ற நாடுகள் பெரும்பாலும் முதல் தேர்தலிலேயே பெண்ணுக்கும் வாக்கு என்று எழுதிக்கொண்டன. 19ஆம் நூற்றாண்டில் வாக்குரிமை உள்நாட்டுப் போராட்டத்தின் பலன். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அது ஒரு நாடு நாடாக இருப்பதற்கான அடையாளம் ஆகிவிட்டது.

பார்த்துச் செய்வதில் ஓர் ஆபத்து உண்டு. ஜான் மேயரும் பிரையன் ரோவனும் 1977இலேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: வெளியே காட்டுவதற்கு ஒரு வடிவம், உள்ளே நடப்பது வேறு. ஊராட்சியில் பெண்களுக்கு இடஒதுக்கீடு வந்தபோது பல ஊர்களில் தலைவர் நாற்காலி மனைவிக்கு, நிர்வாகம் கணவருக்கு என்று ஆனது நமக்குத் தெரியும். ஆனால் வடிவம் வெறும் வேடமாகவே நின்றுவிடும் என்றும் சொல்ல முடியாது. மேற்கு வங்கத்திலும் இராஜஸ்தானிலும் இராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் நடத்திய ஆய்வில், பெண் தலைவர் ஒதுக்கீடு இருந்த ஊராட்சிகளில் குடிநீருக்கு அதிக முதலீடு நடந்திருந்தது. மேற்கு வங்கத்தில் அடுத்தடுத்து ஒதுக்கீடு பெற்ற ஊர்களில், ஒதுக்கீடு நீங்கிய பிறகும் பெண்கள் கூடுதலாகப் போட்டியிட்டு வென்றார்கள். வேடத்தைப் பலர் பல நாள் பார்த்துவிட்டால் அதுவே எதிர்பார்ப்பாகி, முதல் தூணாக மாறிவிடுகிறது.

பெயர் அதே, உள்ளே வேறு

இதுவரை பார்த்தவற்றில் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. அரசியல் அறிஞர் கேத்லீன் தெலன் கவனித்தது தெரியாத மாற்றத்தை. 2004இல் வெளிவந்த அவர் நூலின் நாயகன் ஜெர்மனியின் தொழிற்பயிற்சி முறை.

இன்று ஜெர்மனியில் பள்ளி முடித்த இளைஞர் வாரத்தில் மூன்று நான்கு நாள் ஒரு தொழிற்சாலையிலோ கடையிலோ வங்கியிலோ வேலை பழகுகிறார், மீதி நாள் தொழிற்பள்ளிக்குப் போகிறார். சம்பளம் உண்டு. இரண்டு முதல் மூன்றரை ஆண்டில் நாடெங்கும் செல்லுபடியாகும் சான்றிதழ். இப்படிக் கற்கும் தொழில்கள் முந்நூறுக்கும் மேல். முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து பாடத்திட்டம் வகுக்கிறார்கள். முதலாளி, தொழிலாளி ஒத்துழைப்புக்கு உலகமே எடுத்துக்காட்டும் ஏற்பாடு இது.

இதன் வேர் 1897ஆம் ஆண்டின் கைவினைஞர் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் நோக்கம் நேர் எதிரானது. 1890இல் சோஷலிச எதிர்ப்புச் சட்டம் காலாவதியானபின் சமூக ஜனநாயகக் கட்சியும் தொழிற்சங்கங்களும் வளர்ந்தன. கைசரின் அரசுக்குப் பயம். தச்சர், கொல்லர், ரொட்டி சுடுபவர் போன்ற சிறு கைவினைஞர்களைக் கைதூக்கிவிட்டால் அவர்கள் சோஷலிசத்துக்கு எதிரான அணையாக இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். கைவினைஞர் சபைகள் அமைத்து, பழகுநருக்குத் தேர்வு நடத்திச் சான்றளிக்கும் அதிகாரத்தை அவற்றுக்குத் தந்தார்கள். தொழிலாளர் இயக்கத்தை அடக்க வந்த சட்டம் எழுபது ஆண்டுகளில் அதன் கோட்டைகளில் ஒன்றானது.

இதை ஒரே பாய்ச்சலில் யாரும் செய்யவில்லை. இயந்திரத் தொழிற்சாலைகள் முதலில் கைவினைஞர்களிடம் பழகிவந்த ஆட்களை வேலைக்கு எடுத்துக்கொண்டன. பிறகு, ஆட்களைப் பழக்கும் எங்களுக்குச் சான்றளிக்கும் உரிமை ஏன் இல்லை என்று கேட்டன. 1908இல் பொறியாளர்களும் இயந்திரத் தொழில் முதலாளிகளும் ஒரு குழு அமைத்து, எந்தத் தொழிலுக்கு எந்தத் திறமை வேண்டும் என்று தரப்படுத்தத் தொடங்கினார்கள். தொழிற்சங்கங்கள் அந்த முறையை ஒழிக்கக் கேட்கவில்லை. அவர்கள் உறுப்பினர்களில் பலர் அதே சான்றிதழோடு வந்தவர்கள். அதனால் அதற்குள் ஓர் இடம் கேட்டார்கள். நாஜிகள் காலத்தில் தொழில் வணிகச் சபைகளின் சான்றுக்கும் சம மதிப்புக் கிடைத்தது. 1969 சட்டம் தொழிற்சங்கங்களுக்கு முதலாளிகளுக்கு இணையான இடத்தைக் குழுக்களில் தந்தது, அவர்கள் கேட்ட அளவுக்கு இல்லை என்றாலும். இரண்டு உலகப் போர்கள், பேரரசு, குடியரசு, சர்வாதிகாரம், நாடு பிளவு என அத்தனை உடைப்புகளையும் அந்த முறை தாண்டி வந்தது. உடைப்பு வந்தபோது பெரிதாக மாறவில்லை, பெரும்பாலும் உடைப்புக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் மெதுவாக மாறியது. பாதைச் சார்பு வரைந்த படம் இங்கே தலைகீழாகிவிட்டது.

ஏனென்றால் நான்காவது தூண், அரசியல் கூட்டணி. ஒரு நிறுவனம் நாளைக்கும் இருக்க வேண்டுமென்றால் யாராவது அதைத் தாங்க வேண்டும். தாங்குபவர்கள் மாறும்போது, பெயரும் கட்டடமும் அப்படியே இருக்க, அது யாருக்கு உழைக்கிறது என்பது மாறிவிடும். தெலன், வொல்ஃப்காங் ஷ்ட்ரெக், ஜேம்ஸ் மஹோனி ஆகியோர் இத்தகைய மெதுவான மாற்றங்களை வகைப்படுத்தினார்கள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது எல்லாருக்கும் தெரிந்த வகை. மற்ற மூன்றும் நுட்பமானவை.

ஜெர்மனியில் நடந்தது பயன்மாற்றம்: விதி பழையது, வேலை புதியது. இரண்டாவது வகை மேலடுக்கு. பழைய விதியைத் தொடாமல் அதன் மேல் இன்னொன்றைச் சேர்ப்பது. சுயமரியாதைத் திருமணம் இதற்கு அழகான எடுத்துக்காட்டு. 1920களின் இறுதியிலிருந்து புரோகிதர் இல்லாமல் நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்கவில்லை, 1950களில் சென்னை உயர் நீதிமன்றமும் அத்தகைய திருமணம் செல்லாது என்றது. 1967இல் அண்ணா தலைமையிலான அரசு இந்துத் திருமணச் சட்டத்தைத் தூக்கியெறியவில்லை. சடங்குகளைச் சொல்லும் 7ஆம் பிரிவுக்குப் பக்கத்தில் 7-ஏ என்று ஒன்றைச் சேர்த்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். அக்கினியைச் சுற்ற விரும்பியவர்களிடமிருந்து எதையும் பறிக்காததால் எதிர்ப்பு திரளவில்லை. மேலடுக்கின் பலம் அது. வெளியேறும் கதவைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருக்கும். அதன் பலவீனமும் அதுதான். பழையது தன் இடத்தில் சுகமாக இருக்கும்.

மூன்றாவது வகை விலகல். விதியை யாரும் தொடவில்லை, உலகம் நகர்ந்துவிடுகிறது, விதியின் பொருள் மாறிவிடுகிறது. ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். பத்தாண்டு கடந்தும் அந்த எண் அசையவில்லை. குறைத்தார்கள் என்று யாரையும் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் அந்த ஆயிரம் இப்போது பழைய ஆயிரம் இல்லை. சில வேளை இந்த அசையாமையே திட்டமாகவும் இருக்கும். மக்களவைத் தொகுதிகளின் மாநிலப் பங்கீட்டை 1976இல் 42ஆம் திருத்தம் 1971 மக்கள்தொகைக் கணக்கோடு நிறுத்தி வைத்தது. 2001இல் 84ஆம் திருத்தம் அதை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்புவரை நீட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்த மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பது காரணம். தமிழ்நாட்டின் 39 அப்படியே இருக்க, வடக்கே ஓர் உறுப்பினர் எத்தனை பேருக்காகப் பேசுகிறார் என்பது ஆண்டுதோறும் மாறிக்கொண்டே வந்தது. எண்ணை மாற்றுவதும் அரசியல், மாற்றாமல் விடுவதும் அரசியல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். அந்தச் சட்டத்தின் கதி எந்தக் கல்யாண மண்டபத்திலும் தெரியும். இதுவரை பார்த்த தூண்களைக் கொண்டு இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

எதிர்பார்ப்புத் தூண் இருக்கிறது. மற்றவர்கள் நூறு பவுன் போடும்போது நாம் போடாவிட்டால் நல்ல வரன் அமையுமா என்ற பயம், சீனத் தாயின் பயமேதான். அப்படியானால் சீனாவைப்போல் உறுதிமொழிச் சங்கங்கள் போதுமா? இங்கேதான் கவனம் வேண்டும். கட்டிய பாதத்தால் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கையில் காசு எதுவும் வரவில்லை. மகனுக்காகக் கையெழுத்துப் போட்டவர் இழந்தது ஒன்றுமில்லை. வரதட்சணையில் மகனைப் பெற்றவர் கையெழுத்துப் போட்டால் கைக்கு வரும் பணத்தை விடுகிறார். உறுதிமொழியை மீறுவதற்கு அங்கே இல்லாத ஆசை இங்கே இருக்கிறது. எதிர்பார்ப்போடு இலாபமும் சேர்ந்து தாங்கும் வழக்கம் இது. எதிர்பார்ப்பை மட்டும் தட்டினால் விழாது.

மகளுக்குப் போடும் நகைதான் அவளுடைய பங்கு என்ற நியாயமும் இதற்குப் பின்னால் நெடுங்காலம் இருந்தது. நிலமும் வீடும் மகன்களுக்கு, மகளுக்குச் சீர். தமிழ்நாடு 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமை தந்தது, அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்கு. 2005இல் அது நாடு முழுமைக்கும் விரிந்தது. வரதட்சணை என்ற சொல்லே இல்லாத இந்தச் சட்டம், 1961 சட்டம் தொடாத தூணைத் தொடுகிறது. இதேபோன்ற திருத்தம் வந்த மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் நடந்த ஆய்வுகள், மகள்கள் நிலம் பெறும் வாய்ப்பு கூடியதைக் காட்டின. முழுச் சமத்துவம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் தெரியும். அப்பா இறந்தபின் அக்காவும் தங்கையும் தங்கள் பங்கை விட்டு அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்கள். யாரும் மிரட்ட வேண்டியதில்லை. பங்கு கேட்டால் பொங்கல் சீர் நிற்கும், பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி கிடைக்காது, புகுந்த வீட்டில் சிக்கல் வந்தால் திரும்பிப் போக வீடு இருக்காது. அவள் போடும் கணக்கும் சரிதான், சீனத் தாயின் கணக்கு சரியாக இருந்ததைப்போல. சொத்துரிமை சட்டத்தின் மேல் நிற்கிறது, அதை விட்டுக்கொடுப்பது அண்ணன் தங்கை எதிர்பார்ப்பின் மேல் நிற்கிறது. அந்த எதிர்பார்ப்பு இன்று அசைகிறது என்றால் காரணம் திருத்தச் சட்டம் மட்டும் இல்லை. சொந்தச் சம்பளம் வாங்கும் பெண்ணுக்குத் திரும்பிப் போகும் வீடு முன்போல் உயிர்நாடியாக இல்லை. நெசவாலை சீனச் சிறுமியின் பாதத்தைப் பற்றி எதுவும் அறியாமலே அவிழ்த்ததைப்போல, பெண்களின் வேலைவாய்ப்பு விடுதலைப் பத்திரத்தைப் பற்றி எதுவும் சொல்லாமலே அதன் அடியை அரிக்கிறது.

சீர்திருத்தக்காரர்கள் வழக்கத்தின் பெயரை எழுதித் தடை போடுவதில் காட்டும் உற்சாகத்தை, அதைத் தாங்குவது எது என்று தேடுவதில் காட்டுவதில்லை. தாங்குவது எதிர்பார்ப்பு என்றால் கூட்டாக, பகிரங்கமாக விலக வழி செய்ய வேண்டும். முதலீடு என்றால் மாறுகிறவரின் நட்டத்தை யாராவது ஏற்க வேண்டும். மதிப்பு என்றால் மதிக்கப்படுபவர் முதலில் மாற வேண்டும். கூட்டணி என்றால் தாங்குபவர்களில் ஒருவரையாவது பிரித்து எடுக்க வேண்டும். பெரும்பாலான வழக்கங்களுக்கு இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட தூண்கள் உண்டு, ஒரு சட்டம் ஒன்றைத்தான் தொடும். 1961 சட்டத்தைக் கேலி செய்வதைவிட, அது தொடாமல் விட்ட தூண்களைத் தொட எத்தனை சட்டங்களும் எத்தனை சம்பளங்களும் எத்தனை சம்பந்தி வீட்டுப் பேச்சுகளும் தேவைப்படும் என்று கேட்பதே சமூகவியல் நமக்குத் தரும் வேலை.